திருக்கையின் கண்ணில் கோளாறா? கண்டறியும் முறையும் சிகிச்சையும்

வளர்க்கும் நன்னீர்த் திருக்கையின் கண்ணில் வெள்ளை படிந்தாலோ, கண் வீங்கினாலோ கை உடனே மருந்து பாட்டிலைத் தேடும். பதற்றம் இயல்புதான். ஆனால் நோய் என்னவென்று தெரியாமல் தொட்டியில் ஊற்றும் மருந்தால் கண்ணைவிட முதலில் கெடுவது செவுளும் ஃபில்டரும். மற்ற மீன்கள் தாங்கும் மருந்துகள் பலவற்றைத் திருக்கை தாங்காது. கண் கோளாறு பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: ஒன்று தண்ணீர், மற்றொன்று தொட்டிக்குள் இருக்கும் கூரான, சூடான அல்லது கடிக்கிற ஏதோ ஒன்று. முதல் ஒரு மணி நேரத்தை அதைக் கண்டுபிடிக்கச் செலவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கண் கெட்டுவிடாது.

நலமான கண் எப்படி இருக்கும்

இதைத் தெரிந்துகொள்ளாமல் நோயைத் தேடினால் இல்லாத நோய் எல்லாம் கண்ணில் படும். மோட்டோரோ, லியோபோல்டி, ஹிஸ்ட்ரிக்ஸ் என எந்த வகையானாலும் கண்கள் தட்டுப் போன்ற அகன்ற உடலின் (இதையே இனித் தட்டு என்கிறோம்) மேல்புறத்தில் சிறு குமிழ்போல எழும்பி நிற்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் பின்னால் ஒட்டியபடியே மூச்சுத்துளை இருக்கும். திருக்கை மணலில் புதைந்து கிடக்கும்போது இந்தத் துளை வழியாகத்தான் தண்ணீரை இழுத்து அடிப்புறச் செவுள்களுக்கு அனுப்புகிறது. கண்ணுக்கு மருந்து போடும்போது மூச்சுத்துளையை மறந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

திருக்கை கண்ணைத் தலைக்குள் இழுத்துக்கொள்ளும். மணல் துகள் விழுந்தாலோ வேறு மீன் உரசினாலோ கண் உள்ளே போய், சில விநாடிகளில் மறுபடி எழும். நலமான கண்ணின் நல்ல அடையாளம் இதுதான்.

புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறும் இடங்கள் இரண்டு. வெளிச்சம் அதிகமானால் கண்பாவையின் மேலிருந்து ஒரு சிறு திரை இறங்கும். பாவை பிறைபோலச் சுருங்கித் தெரியும். அது கண்புரையும் அல்ல, காயமும் அல்ல. இருட்டில் திரை ஏறிப் பாவை வட்டமாகிவிடும். இரண்டாவது, இரவில் டார்ச் அடித்தால் கண்ணின் உள்ளிருந்து வரும் பளபளப்பு. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் அடுக்கு இருப்பதால் பூனையின் கண்போல மின்னுகிறது. இரண்டு கண்களும் ஒரே மாதிரி மின்னினால் கவலை வேண்டாம்.

திருக்கை நலமாக இருக்கும்போதே இரண்டு கண்களையும் மேலிருந்தும் கண்ணாடிப் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். வீக்கமா இல்லையா என்ற சந்தேகம் வரும் நாளில் அந்தப் படம்தான் துணை. எழும்பி நிற்கும் கண் எவ்வளவு எழும்பியிருந்தது என்பதை நினைவிலிருந்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

பார்க்கும் முறை

திருக்கையைத் தொட்டியிலிருந்து எடுக்காமல் பாருங்கள். தொட்டி விளக்கை அணைத்து, அறையையும் மங்கலாக்கி, 10 நிமிடம் விடுங்கள். பிறகு சிறு டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடியுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கார்னியா தெரியும்: கீறல், பள்ளம், தோல் உரிந்த விளிம்பு, ஒட்டிய பஞ்சு. அதன்பின் வெளிச்சத்தை மேலிருந்து நேராகப் பாவைக்குள் அடியுங்கள். இப்போது தெரிவது லென்ஸ். மங்கல் மேற்பரப்பில் இருக்கிறதா, பாவைக்குள் ஆழத்தில் இருக்கிறதா என்று இந்த இரண்டு கோணமும் பிரித்துக் காட்டிவிடும். மேற்பரப்பு மங்கல் ஆறக்கூடியது. லென்ஸில் விழுந்த வெண்மை தானாகத் தெளிவதை எதிர்பார்க்க முடியாது.

பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்றும் பாருங்கள். திருக்கை இனத்தில் இது மெதுவாக நடக்கும். மனிதக் கண்ணைப்போல நொடியில் சுருங்கவில்லையே என்று குருடு என முடிவு கட்டாதீர்கள். சில நிமிடம் பொறுத்துப் பார்த்தும் ஒரு பாவை மட்டும் அகலமாகவே நின்றால் அந்தக் கண்ணிலோ நரம்பிலோ கோளாறு இருக்கிறது.

கண் உள்ளே போகிறதா என்று பார்க்க விரலால் குத்த வேண்டாம். நீளமான பிளாஸ்டிக் குழாய் பிப்பெட்டால் கண்ணருகே மெல்லத் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும். நலமான கண் சட்டென்று இறங்கி எழும். இறங்கியே கிடந்தால் வலி. இறங்கவே முடியாமல் விறைத்து நின்றால் பின்னால் வீக்கம் அழுத்துகிறது.

கண்ணோடு நிறுத்தாமல் முழு உடலையும் பாருங்கள். தட்டின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறதா, அடிப்புறம் சிவந்திருக்கிறதா, மூச்சு வேகமாக ஓடுகிறதா, வால் அடியில் இடுப்புக் குருத்தெலும்பு துருத்துகிறதா. விளிம்பு சுருண்டிருந்தால் அது கண் நோய் அல்ல. உயிருக்கே ஆபத்தான நிலை. கண்ணைவிட்டுத் தண்ணீரையும் மருத்துவரையும் நாடுங்கள்.

ஒரு கண்ணா, இரண்டு கண்ணா

எல்லா முடிவும் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது.

ஒரு கண் மட்டும் மங்கியோ வீங்கியோ இருந்தால் முதல் சந்தேகம் காயம். தொட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு பொருளின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கூர்ச்சரளை, உடைந்த பானை, மரக்கிளையின் நுனி, மூடியில்லாத ஹீட்டர் எல்லாம் குற்றவாளிகள். திருக்கை ஹீட்டர் மேலேயே படுத்துக்கொள்ளும். சுடுகிறது என்று உடனே விலகாது. கூட இருக்கும் உறிஞ்சுவாய் கெளுத்திகள் இரவில் திருக்கையின் சளியைச் சுரண்டித் தின்னும் பழக்கம் உள்ளவை. அப்படிச் சுரண்டும்போது கண்ணும் அகப்படும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் திருக்கை பெண்ணின் தட்டைக் கடித்துப் பிடிக்கும். பெண்ணின் விளிம்பில் பிறைவடிவக் கடித்தடங்கள் இருந்தால் கண் காயத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இரண்டு கண்களும் ஒரே சமயத்தில் மங்கினால் காரணம் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இரண்டும் வீங்கினால் தண்ணீரோடு இரத்தத்தில் பரவிய பாக்டீரியா தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு, தண்ணீரில் மிதமிஞ்சிக் கரைந்த வாயு ஆகியவையும் பட்டியலில் சேரும்.

தண்ணீரை அளந்து சரிசெய்தல்

மீன் கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், தண்ணீரின் அமில-கார அளவான பி.எச், வெப்பநிலை ஐந்தையும் அளந்து எழுதி வையுங்கள். துண்டுத்தாள் சோதனையைவிடத் துளிமருந்துச் சோதனை நம்பகமானது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள், வெப்பநிலை 26 முதல் 28 டிகிரி செல்சியஸ், பி.எச் 6.5 முதல் 7.5 என்பது பாதுகாப்பான இலக்கு.

அம்மோனியா எவ்வளவு காட்டுகிறது என்பதோடு பி.எச் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 25 டிகிரியில் பி.எச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் நச்சு வடிவத்தில் இருக்கும். பி.எச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். பி.எச் 9 என்றால் மூன்றில் ஒரு பங்கு. சூடு ஏறினாலும் இந்தப் பங்கு ஏறும்.

அம்மோனியாவோ நைட்ரைட்டோ தென்பட்டால் உடனே 50 சதவீதத் தண்ணீரை மாற்றி, மறுநாளும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் சூடு தொட்டியிலிருந்து 1 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. குளோரின் நீக்கி கட்டாயம். குழாய்த் தண்ணீரில் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால், குளோரின் நீங்கும்போது அம்மோனியா வெளிப்படும். அதனால் அம்மோனியாவையும் கட்டும் வகை நீக்கியைப் பயன்படுத்துங்கள். 24 முதல் 48 மணி நேரம் உணவை நிறுத்துங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நெடுநாள் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பி.எச் 6-க்கும் கீழே இறங்கி, அம்மோனியா நிறையத் தேங்கியிருக்கும். ஆனால் அது தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். அங்கே பி.எச் கூடிய புதுத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றினால் தேங்கியதெல்லாம் நொடியில் நஞ்சாக மாறும். அப்படிப்பட்ட தொட்டியில் 10 முதல் 15 சதவீதமாக, சில மணி நேர இடைவெளியில், அம்மோனியா கட்டும் நீக்கியோடு மாற்றுங்கள்.

இரண்டு கண்ணிலும் லேசான மங்கல் மட்டும் இருந்து, திருக்கை சாப்பிட்டு நீந்திக்கொண்டிருந்தால் இத்துடன் நிறுத்திவிடலாம். மருந்தே வேண்டாம். தினமும் 30 சதவீதத் தண்ணீர் மாற்றம், மங்கிய வெளிச்சம், தினம் ஒரு படம். ஒரு வாரத்துக்குள் தெளியத் தொடங்க வேண்டும். மூன்று நாளில் மோசமானால் அடுத்த கட்டம்.

கண்ணில் தெரிவதும் அதன் பொருளும்

*மேற்பரப்பில் சீரான நீலவெண் மங்கல்:* கார்னியாவின் மேல் அடுக்கு எரிச்சல் அடைந்திருக்கிறது. அம்மோனியா, பி.எச் தடுமாற்றம், அதிக மருந்து, நீக்காத குளோரின் ஆகியவை காரணம்.

*ஒரு புள்ளியில் வெண்மை, நடுவில் பள்ளம்:* புண். கீறலில் பாக்டீரியா நுழைந்திருக்கிறது. ஆழமாகிக் கார்னியா ஓட்டையானால் கண் போய்விடும்; வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நிலை இது. மருத்துவர் ஃப்ளூரசீன் சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். புண் எவ்வளவு பெரிது, ஆறுகிறதா என்பதை அளக்க இதைவிட எளிய வழி இல்லை.

*பஞ்சு போன்ற வளர்ச்சி:* நூல் நூலாகத் தண்ணீரில் அசைந்தால் பூஞ்சை. அது பெரும்பாலும் செத்த திசுவின் மேல் வந்து குடியேறுவது. அடியில் ஒரு காயம் இருக்கிறது என்று பொருள். தட்டையாக, மஞ்சள் கலந்த வெள்ளை விளிம்போடு மணிக்கணக்கில் பரவினால் அது பூஞ்சை அல்ல, காலம்னாரிஸ் எனப்படும் பாக்டீரியா. வெப்பத்தில் அது இன்னும் வேகம் எடுக்கும். நோய் என்றாலே ஹீட்டரை ஏற்றும் பழக்கம் இங்கே கெடுதல் செய்யும்.

*கண் பிதுங்கி நிற்பது:* கண்ணுக்குப் பின்னால் நீர், சீழ், இரத்தம், வாயு, கட்டி இவற்றில் ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது. கண்ணைச் சுற்றிய தோல் வளையமாக உப்பியிருக்கும், கண் உள்ளே இறங்காது. மருத்துவரின் அல்ட்ராசவுண்ட் பின்னால் இருப்பது என்ன என்று காட்டும். ஊசியால் குத்தி வடிக்க வீட்டில் ஒருபோதும் முயலாதீர்கள்.

*கண்ணுக்குள் பளிச்சென்ற குமிழ்கள்:* வாயுக்குமிழ் நோய். தண்ணீரில் அளவுக்கு மிஞ்சி வாயு கரைந்திருக்கிறது. பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் சிறு கசிவு இருந்தால் அது காற்றை இழுத்து அழுத்தத்தில் தண்ணீரில் கரைத்துவிடும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரைச் சட்டென்று சூடாக்கினாலும் இதே கதி. குளிர்ந்த நீர் கூடுதல் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும், சூடானதும் விட்டுவிடும். தொட்டிக்குள் கையை ஒரு நிமிடம் வையுங்கள். கையின் ரோமங்களிலும் கண்ணாடியிலும் பொடிக்குமிழ்கள் மொய்த்தால் காரணம் கிடைத்துவிட்டது. குழாய் இணைப்புகளை இறுக்கி, ஏர் ஸ்டோன்களைக் கூட்டி, மேற்பரப்பை நன்றாகக் கலக்குங்கள். இனிமேல் புதுத் தண்ணீரைத் தனிப் பீப்பாயில் சூடாக்கி, 12 முதல் 24 மணி நேரம் காற்றோட்டம் கொடுத்த பிறகே ஊற்றுங்கள். இதற்கு ஆன்டிபயாடிக் எந்தப் பயனும் தராது.

*கண்ணுக்குள் சிவப்பு:* அடிபட்டதில் உள் இரத்தக்கசிவு. ஒரு கண் மட்டும் என்றால் இருட்டும் சுத்தமான நீரும் கொடுத்துக் காத்திருக்கலாம். உடலின் அடிப்புறமும் சிவந்திருந்தால் இரத்தத்தில் தொற்று.

*பாவைக்குள் பால்வெள்ளை:* கண்புரை. பழைய காயம், ஊட்டக்குறை, வயது, ஒட்டுண்ணி என்று காரணம் பல. மீன்களின் லென்ஸுக்குள் புகும் கண்புழு ஒன்று உண்டு. அதன் வாழ்க்கைச் சுழற்சிக்கு நத்தையும் நீர்ப்பறவையும் தேவை. அதனால் வீட்டுத் தொட்டியில் அது பெருகாது. இயற்கை நீர்நிலையில் பிடித்த அல்லது திறந்தவெளிக் குளத்திலிருந்து வந்த திருக்கையிடம் மட்டும் சந்தேகப்படுங்கள்.

*கண்ணின் ஓரத்தில் ஒட்டிய தட்டைப் பூச்சி:* மீன்பேன். பச்சை கலந்த கண்ணாடி நிறத்தில், சில மில்லிமீட்டர் அகலத்தில், நகர்ந்து திரியும். முனை மழுங்கிய இடுக்கியால் எடுத்துவிடலாம். தொட்டியில் முட்டைகள் இருக்கும் என்பதால் அத்துடன் முடியாது. ஓடு உரிப்பதைத் தடுக்கும் டைஃப்ளுபென்சுரான் போன்ற மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் தர வேண்டியிருக்கும்.

*குழி விழுந்த கண்:* கண்ணின் பின்புறமும் இடுப்பும் வற்றியிருந்தால் பட்டினி. குடற்புழுவோ, கூட இருக்கும் வேகமான மீன்கள் உணவைப் பறிப்பதோ காரணம்.

வாரக்கணக்கில் மெலிந்து, கண் பிதுங்கி, எந்த மருந்துக்கும் அசையாத திருக்கையிடம் மைக்கோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை நினைவில் வையுங்கள். அது மனிதத் தோலிலும் தொற்றக்கூடியது. கையில் கீறல் இருந்தால் கையுறை இல்லாமல் அந்தத் தொட்டியைத் தொடாதீர்கள்.

சிகிச்சைத் தொட்டி

பெரிய தொட்டியில் திருக்கை தனியாக இருந்து, தண்ணீரும் சரியாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுவது நல்லது. இடமாற்றமே ஒரு சுமை. கூட இருக்கும் மீன் கடிக்கிறது அல்லது தண்ணீரில் மருந்து கலக்க வேண்டும் என்றால் மட்டும் பிரியுங்கள்.

சிகிச்சைத் தொட்டிக்கு உயரம் தேவையில்லை, பரப்பு தேவை. தட்டின் அகலத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு நீளமும் இரண்டு மடங்கு அகலமும், 25 சென்டிமீட்டர் தண்ணீரும் இருக்கட்டும். 40 சென்டிமீட்டர் அகலத் திருக்கைக்கு 120-க்கு 80 அளவு. மணல், அலங்காரம் எதுவும் வேண்டாம். பெரிய தொட்டியில் நெடுநாள் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுத்து வையுங்கள். புது ஃபில்டர் அம்மோனியாவைத் தாங்காது. ஹீட்டருக்குக் கூண்டு போடுங்கள். மேலே துணி மூடி மங்கலாக்குங்கள்.

கொள்ளளவை ஊகிக்காதீர்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 120 × 80 × 25 என்றால் 240 லிட்டர்.

தோலோ கார்னியாவோ உரிந்திருந்தால் உப்பு உதவும். தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கைகள் கடல் திருக்கைகளைப்போல இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைப்பதில்லை. அவற்றின் உடல் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுந்தது. புண் வழியே நீர் உள்ளே புகுந்துகொண்டும் உப்பு வெளியேறிக்கொண்டும் இருக்கும். தண்ணீரில் சிறிது உப்பு சேர்த்தால் அந்த இழுபறி குறையும். சேர்மானம் எதுவும் இல்லாத தூய உப்பில் லிட்டருக்கு 1 கிராம் முதல் நாளும், இன்னொரு கிராம் மறுநாளும். 2 கிராம் போதும், 3-ஐத் தாண்ட வேண்டாம். 240 லிட்டருக்கு முதல் நாள் 240 கிராமைத் தனி வாளியில் கரைத்து, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கரையாத கல்லுப்பு திருக்கையின் மேல் பட்டால் சுட்டுவிடும். உப்பு ஆவியாகாது. அதனால் மாற்றிய தண்ணீருக்கு மட்டும் ஈடு செய்யுங்கள்: 2 கிராம் அளவில் இருக்கும்போது 80 லிட்டர் மாற்றினால் 160 கிராம்.

பிதுங்கிய கண்ணுக்கு எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) பலர் பயன்படுத்துகிறார்கள். 10 லிட்டருக்கு 2 கிராம் தீங்கில்லாத அளவு. வீக்கத்தைச் சற்று வடிக்க உதவலாம், தொற்றைக் கொல்லாது. இதையே முழுச் சிகிச்சையாக நம்பி வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து.

பிடிப்பதும் மருந்திடுவதும்

திருக்கையின் வால் முள் நஞ்சுள்ளது. இருவர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். வலை வேண்டாம், முள் வலையில் சிக்கி, விடுவிக்கும்போதுதான் பலருக்குக் குத்து விழுகிறது. ஓரம் மழுங்கிய பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தண்ணீருக்குள் சாய்த்து, இன்னொரு பலகையால் திருக்கையை மெல்ல அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு சேர்த்து எடுங்கள். மூச்சுத்துளைக்குள் விரலை விட்டுத் தூக்குவதை எங்கேனும் பார்த்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். அந்தத் துளை கைப்பிடி அல்ல.

சொட்டு மருந்தைப் போடும் வரிசை:

1. பிளாஸ்டிக் தொட்டியில் தொட்டித் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஏர் ஸ்டோன் ஓடட்டும்.
2. துணையாள் தடித்த ஈரத்துணியை வாலின் மேல் போட்டு, முள் இருக்கும் பகுதியை அசையாமல் வைக்கட்டும். அவர் கை வாலின் பக்கம், உங்கள் கை தலையின் பக்கம்.
3. கண் மட்டும் தண்ணீருக்கு மேல் வரும்வரை நீரை வடியுங்கள். அடிப்புறச் செவுள்கள் எப்போதும் நீருக்குள் இருக்க வேண்டும். மூச்சுத்துளை வெளியே வந்துவிட்டால் பிப்பெட்டால் அதற்குள் மெல்லத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள்.
4. கண்ணின் மேல் நிற்கும் நீரை மென்துணியின் ஓரத்தால் ஒற்றி எடுத்து, சொட்டையோ களிம்பையோ விடுங்கள்.
5. 30 முதல் 60 விநாடி. அதற்கு மேல் வேண்டாம். தண்ணீரை மெல்ல நிரப்பி, தொட்டியைச் சாய்த்துத் தானாக நீந்திப் போக விடுங்கள்.

எந்த மருந்து? ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற எளிய ஆன்டிபயாடிக் கண் மருந்துகளை மருத்துவர்கள் தருவதுண்டு. பாட்டிலின் சிறு எழுத்தைப் படியுங்கள்: டெக்சாமெத்தசோன், பிரெட்னிசொலோன் என்று இன்னொரு பெயர் சேர்ந்திருந்தால் அது ஸ்டீராய்டு கலவை. கார்னியாவில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆறாமல் ஆழமாகும்.

திருக்கையின் கண் மூழ்கியே இருப்பதால் சொட்டு மருந்து விட்ட சில விநாடிகளில் கழுவப்பட்டுவிடும். களிம்பு கொஞ்சம் கூடுதலாக நிற்கும். தினம் இருமுறை பிடித்து, அழுத்தி, மருந்திட்டு ஒரு சிறு கீறலை ஆற்றப் பார்ப்பது நட்டக் கணக்கு. அந்தக் கீறல் நல்ல தண்ணீரில் தானே ஆறும். தினம் பிடிபடும் திருக்கைதான் சாப்பாட்டை நிறுத்திவிடும். பிடித்து மருந்திடுவதை உண்மையான புண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழமான புண், பிதுங்கிய கண், உடல் சிவப்பு ஆகியவற்றுக்கு ஊசி மருந்துதான் சரி. திருக்கை, சுறா இனங்களுக்கு மீன் மருத்துவர்கள் அதிகம் நாடும் மருந்து செஃப்டாசிடைம்: உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, தசையில். மூன்று நாளைக்கு ஒருமுறை மட்டும் பிடித்தால் போதும் என்பதே பெரிய வசதி. என்ரோஃப்ளாக்சசின் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் ஊசியாகவோ இறால் துண்டுக்குள் வைத்தோ தரப்படுகிறது. அளவையும் எத்தனை முறை என்பதையும் மருத்துவர் எடை பார்த்துத் தீர்மானிக்கட்டும். பாதியில் நன்றாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள்.

தொட்டியில் ஊற்றக் கூடாதவை: தாமிர மருந்துகள், ஃபார்மலின், மலகைட் கிரீன், டிரைக்ளோர்ஃபான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள். ஆன்டிபயாடிக்கைப் பெரிய தொட்டி முழுக்கக் கலப்பதும் வேண்டாம். ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியா செத்து, நான்காம் நாள் அம்மோனியா ஏறி, இரண்டாவது கண்ணும் மங்கும். மருந்துக் குளியல் தேவைப்பட்டால் சிகிச்சைத் தொட்டியில் மட்டும். அப்போது கரி ஃபில்டரை எடுத்துவிட்டு, யு.வி விளக்கை அணைத்து வையுங்கள்.

முள் குத்திவிட்டால் குத்திய இடத்தை உடனே தாங்கக்கூடிய வெந்நீரில், 42 முதல் 45 டிகிரி அளவில், 30 முதல் 90 நிமிடம் முக்கி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குத்திய கைக்குச் சூடு உறைக்காமல் போகலாம். மறு கையால் சூட்டைச் சோதியுங்கள். நன்னீர்த் திருக்கையின் குத்து திசுவை அழுக வைக்கும். வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

ஆறுகிறதா என்று அறிவது

மேலோட்டமான கீறல் 3 முதல் 7 நாளில் தெளியும். ஆழமான புண்ணுக்கு 2 முதல் 4 வாரம் ஆகும். ஆறியபின் ஒரு வெண்தழும்பு நிற்கலாம். அந்தத் தழும்பு விளிம்பு மழுங்கி, அளவு மாறாமல் இருந்தால் சிகிச்சையை முடித்துக்கொள்ளலாம். பிதுங்கிய கண் காரணம் தீர்ந்த பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். சிகிச்சைத் தொட்டியிலிருந்து திரும்பும்முன் மூன்று நாள் உப்பில்லாத தண்ணீர் மாற்றங்களால் உப்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அதற்குள் பெரிய தொட்டியில் கூர்ச்சரளையை எடுத்துவிட்டு, 1 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய மழுங்கிய மணலை 3 முதல் 5 சென்டிமீட்டர் பரப்பி, ஹீட்டரைக் கூண்டுக்குள்ளோ ஃபில்டர் அறைக்குள்ளோ மாற்றியிருக்க வேண்டும். சுரண்டும் கெளுத்தி அந்தத் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

உணவையும் திருத்துங்கள். தங்கமீன் போன்ற தீனி மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் என்சைம் உண்டு. அதையே தினம் தந்தால் நரம்பும் பார்வையும் கெடும். மண்புழு, ஓடு நீக்கிய இறால், சிப்பிச் சதை, கொழுப்பு குறைந்த வெள்ளை மீன் என்று மாற்றி மாற்றித் தாருங்கள். வாரம் இருமுறை மீனுக்கான வைட்டமின் துளிகளைச் சதையில் ஊறவையுங்கள்.

பார்வை திரும்பாவிட்டால்

கண் முழுதும் அழுகித் தொற்றுப் பரவும் நிலையில் மருத்துவர் மயக்கம் கொடுத்து அந்தக் கண்ணை எடுத்துவிடலாம். திருக்கை உணவைக் கண்டுபிடிப்பதில் கண்ணின் பங்கு சிறிது. மோப்பமும், 1678-இல் லோரன்சினி விவரித்த மின்னுணர்வுத் துளைகளும், நீரின் அசைவை உணரும் பக்கக்கோடும் வேலையின் பெரும்பகுதியைச் செய்கின்றன. ஒரு கண் போனது வெளியில் தெரியாமலே வாழ்ந்துவிடும்.

இரண்டும் போனால் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். வேகமான மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பொருள்களை இடம் மாற்றாதீர்கள். தினமும் ஒரே மூலையில், ஒரே நேரத்தில், நீண்ட மழுங்கிய இடுக்கியால் அடிக்கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, உணவை வாய் இருக்கும் முன்விளிம்புக்கு அருகில் தரையோடு வையுங்கள். முதலில் இறால் சாறு கொஞ்சம் பீய்ச்சினால் மோப்பம் பிடித்து வரும். மேலே வந்து படர்ந்தால் இடுக்கியைப் பக்கவாட்டில் உருவிக்கொள்ளுங்கள், நேராக இழுத்தால் வாயில் கீறும். தினமும் எத்தனை துண்டு சாப்பிட்டது என்று எழுதி வையுங்கள். தொடர்ந்து நான்கு நாள் எண்ணிக்கை குறைந்தால் மறுபடி தண்ணீர்ச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.